அண்ணன் சட்டையில் ஏழு வாசனை

பாசத்துக்கும் பாவத்துக்கும் ஒருங்கே பாத்திரமான என் ஒரே மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், அதாவது போன தடவை நீங்கள் வந்திருந்தபோது உங்கள் ஷூ நுனியில் பஞ்சைத் திணித்துவைத்து, ஒரே ராத்திரியில் உங்களுக்குக் கால் வளர்ந்துவிட்டதாக நம்பவைத்த அதே வாலு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அம்மா தும்மிக்கொண்டிருக்கிறாள், அப்பா தும்மலை அடக்கிக்கொண்டிருக்கிறார், அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். ஆகவே மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம். நீங்கள் அனுப்பிவைத்தது செண்ட் இல்லை மாமா, சண்டை.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு உறுத்தும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் படிப்பு முடித்து மூன்று இன்டர்வியூ போனான், மூன்றிலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள், யாரிடம் சொல்லி அனுப்பினார்களோ அந்த ஆள் இன்னும் வந்து சேரவில்லை. அது போகட்டும். மூன்றாவது இடத்தில் இவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த ஆபீசர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாராம். அவருக்கு வேர்த்ததோ, வெளியே நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தாரோ, யார் கண்டார்கள்? இவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல், "அம்மா, என்மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டான். "இல்லடா" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னதுதான் தப்பு. ஒரே குரலில் சொன்னால் யாராவது நம்புவார்களா? அன்றிலிருந்து சோப்பு கரைகிற வேகத்துக்கு ஆளும் கரைகிறான், பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கதவோரமாக நின்றுகொண்டே வருகிறான். அவனைக் கேலி செய்துதான் நான் இந்த வீட்டில் பொழுதைத் தள்ளுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கே வாய் வரவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதை வைத்தே புரிந்துகொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து நாலாவது இன்டர்வியூ வந்தது. பெரிய கம்பெனி, ஊரில் பாதிக் கட்டடத்தின் லிஃப்ட்டை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள். "மூடின பெட்டிக்குள்ள முன்னப்பின்ன தெரியாதவங்களோட நிக்கிற வேலைடா, அங்க போயி இவன் மூச்சுவிடவே யோசிப்பான்" என்று அம்மா அழுதபடி உங்களுக்குப் போன் போட்டாள். நீங்களும் செண்ட் கவுன்ட்டரில் நிற்கிற மனுஷர் என்ற தோரணையில், பகல் வேளைக்கு எலுமிச்சை மாதிரி லேசானதுதான் நல்லது, மரவாசனை என்றால் அளவோடு, தித்திப்பு வாசனை கூடவே கூடாது, மணிக்கட்டில் ரெண்டே ரெண்டு அமுக்கு, அதுவும் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, என்று அழகாகப் பாடம் நடத்தினீர்கள். பாடம் சரி மாமா, புத்தகம் எங்கே? கடையில் வருகிறவர்கள் அடித்துப் பார்த்து மிச்சம் வைத்த ஏழு பாட்டிலைப் பொட்டலம் கட்டி அனுப்பினீர்களே, அதில் ஒன்றிலாவது பேர் இருந்ததா? எல்லாவற்றிலும் 'விற்பனைக்கு அல்ல' என்று மட்டும் ஒட்டியிருந்தது. எது எலுமிச்சை, எது மரம் என்று பாட்டிலும் சொல்லவில்லை, பாட்டிலை அனுப்பியவரும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று அனுப்பியிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

சரி, மோந்து பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எந்த மூக்கால்? அப்பா பெயிண்ட் அடிக்கிறவர், தின்னரை மோந்து மோந்து அவர் மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது, முகத்தில் சும்மா அழகுக்கு இருக்கிறது. அம்மா சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள், கஞ்சி வாசனை தவிர வேறெதுவும் அவளுக்கு ஏறாது. அண்ணன் மூக்குக்கு இப்போது அண்ணனைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. என் மூக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் நடத்தை சரியில்லை என்று என்னைத் தேர்வுக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடைசியில் மாடிவீட்டு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டார்கள். தினம் நாற்பது பேரை ஏற்றி இறக்குகிற மூக்கு, அனுபவம் உள்ள மூக்கு.

அவர் ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள, நான் துணித்துண்டுகளில் தெளித்து ஒவ்வொன்றாக நீட்டினேன். அவர் வாசனையைச் சொல்லவில்லை மாமா, ஆளைச் சொன்னார். "இது பின்சீட்ல உக்காந்து போன்லயே கத்துற ஆளு." அடுத்தது. "இவன் பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு பெரிய நோட்டை நீட்டுவான்." அடுத்தது. "ஐயோ, இது இறங்கி ஓடுற ஆளு, தள்ளி வைம்மா." அண்ணன் முகம் துண்டுக்குத் துண்டு சுருங்கிக்கொண்டே போனது. எனக்குப் பொறுக்காமல் நடுவில் ஒரு துண்டைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து நீட்டினேன். மனுஷர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, கண்ணைத் திறந்து, "இது! இதுல ஒரு கண்ணியம் இருக்கு. இந்த ஆளை நம்பி வண்டிச் சாவியவே குடுக்கலாம்" என்றார். நான் உண்மையைச் சொன்னதும் அம்மா துள்ளி எழுந்து, "கேட்டீங்களா, தண்ணிதாங்க ஜெயிச்சிருக்கு! பிள்ளை குளிச்சிட்டுச் சும்மா போகட்டும்" என்றாள். அப்பா விடுவாரா? "தண்ணியை நம்பி வேலை குடுக்கிறவன் எவன்டி? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை." உடனே டாக்ஸிக்காரர் எழுந்து, "பெயிண்டர் சார், இப்ப கழுதைன்னு யாரைச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போய்விட்டார். நேர்முகத் தேர்வுக்கு முன்னால் வீட்டில் நடந்த நேர்மூக்குத் தேர்வு இப்படி முடிந்தது.

இங்கேதான் அப்பாவின் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "டப்பாவைப் பார்த்துக் கலர் எடுக்கிறவன் பெயிண்டரே இல்ல. சுவத்துல ஓரமா கொஞ்சம் கொஞ்சம் அடிச்சுப் பார்க்கணும், காயவிடணும், மறுநாள் வெளிச்சத்துல எது நிக்குதோ அதை எடுக்கணும்" என்றார். நல்ல யோசனைதான். சுவரில் அடித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவர் அண்ணனின் இன்டர்வியூச் சட்டையை எடுத்தார், வீட்டில் பெயிண்ட் சொட்டாத ஒரே வெள்ளைச் சட்டை அதுதான், அதை மேஜைமேல் கவிழ்த்து விரித்து, "கீழ்ப்பாகம் பேன்ட்டுக்குள்ள போற இடம்தானே, யாரு பார்க்கப்போறா?" என்று சொல்லிக்கொண்டே, ஓரம் நேராக வரவேண்டும் என்று டேப் ஒட்டி, ஏழு கட்டம் பிரித்து, ஒவ்வொரு பாட்டிலையும் மூடியில் ஊற்றி, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற சின்ன பிரஷ்ஷால் பூசினார். ரெண்டு கோட்! நீங்கள் சொன்ன ரெண்டு அமுக்கை அவர் பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டாராம். "அப்பா, இது செண்ட்டுப்பா" என்றேன். "முதல் கோட்டைத் துணி குடிச்சிரும், ரெண்டாவதுதான் நிக்கும், உனக்கென்ன தெரியும்?" என்று என்னையே திட்டினார். அண்ணன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான் என்கிறீர்களா? தன் மேல் நாற்றம் என்று நம்பிவிட்டவனிடம் வெள்ளையடித்துக்கொள் என்று சொன்னாலும் சரி என்றுதான் சொல்வான்.

மறுநாள் காலையில் வெளிச்சத்தில் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற ஆறையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவதாக அப்பாவின் திட்டம். இந்தத் திட்டத்தை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா எழுந்தவுடனே சட்டையை எடுத்தாள், தண்ணீர் தெளித்தாள், இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்தாள். மற்ற வீட்டு அம்மாக்கள் என்றால் காலர், கை, முன்பக்கம் என்று வெளியே தெரிகிற இடத்தோடு விட்டிருப்பார்கள். உங்கள் அக்கா தொழில்காரி, வால் நுனிவரைக்கும் தேய்த்தால்தான் அவளுக்குத் தேய்த்த மாதிரி. பெட்டி கீழ்ப்பாகத்தைத் தொட்டதுதான் தாமதம், புஸ்ஸென்று ஒரு புகை எழும்பியது மாமா, அதில் போனில் கத்துகிறவன், பெரிய நோட்டை நீட்டுகிறவன், இறங்கி ஓடுகிறவன் எல்லோரும் கைகோத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்குள் இறங்கினார்கள்.

"ஏங்க! என்னத்தைங்க பூசி வெச்சீங்க இதுல?"

"அடிப்பாவி, காயறதுக்குள்ள சூடு வெச்சிட்டியே! இனிமே போகாதுடி, பிடிச்சிரும்!"

"பிடிச்சிடுச்சு! எனக்கே பிடிச்சிடுச்சு!" என்று அம்மா தும்ம ஆரம்பித்தாள். சோப்புப் போட்டு அலசினோம், வெயிலில் உதறினோம், வாசனை இன்னும் தெம்பாகத்தான் வந்தது. வேறு சட்டைக்கு வழியில்லை. அப்பா சட்டையைப் போட்டால் அண்ணனைப் பார்த்துவிட்டு, எந்தச் சுவர் என்று கேட்பார்கள். நேரமாகிவிட்டது, அரை ஈரச் சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகும் வெகுநேரம் அவன் வீட்டிலேயே இருந்த மாதிரி இருந்தது.

இன்டர்வியூவில் என்ன நடந்தது என்பதை அவன் வாயிலிருந்து பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினேன். அங்கே கேள்வித்தாள் எதுவும் இல்லையாம். ஒரு இன்ஜினியர் மேடம் ஒவ்வொருவராக லிஃப்ட்டுக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, மேலும் கீழும் ஓட்டி, "இதுல என்ன கோளாறு, சொல்லுங்க" என்று கேட்டாராம். இவனுக்கு முன்னால் போனவர்கள் கதவு உரசுகிறது, பட்டன் மங்கல் என்று என்னென்னவோ சொல்லிவிட்டு வந்தார்கள். இவன் முறை வந்தது. மூடின பெட்டி, உடம்புச் சூடு, ஈரச் சட்டை. மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் மேடம் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"தம்பி, எத்தனை போட்டிருக்கீங்க?"

"ஏழு மேடம்."

"ஏழு தடவை அடிச்சீங்களா?"

"இல்ல மேடம், ஏழு வகை."

அத்தோடு வாயை மூடிக்கொண்டு பட்டனையாவது பார்த்திருக்கலாம். இவன் கூரையை அண்ணாந்து பார்த்து, காற்று வருகிறதா என்று உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மேடம், ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா வாடை வெளியவே போகலை. மேல காத்துப் போற வழிய ஏதோ அடைச்சிருக்கு. இல்லேன்னா இவ்வளவு நாறாது மேடம்" என்றிருக்கிறான். மேடம் கண்ணில் தண்ணீரோடு அடுத்த மாடியில் கதவைத் திறந்து வெளியே பாய்ந்து, "நீங்க படியில இறங்கி வந்துருங்க தம்பி" என்றாராம். லிஃப்ட் கம்பெனியில் வேலை கேட்கப் போனவனைப் படியில் இறங்கச் சொல்லிவிட்டார்கள் மாமா. இதற்கு மேல் ஒரு 'இல்லை' எந்த பாஷையிலாவது உண்டா?

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "வேலை கேட்டுப் போன இடத்துல அவங்க கூரையக் குறை சொல்லிட்டு வந்திருக்கான். என் மேலயும் தப்பு இருக்கு, இல்லேங்கல, ஆனா கூரைக்கு நான் பூசலையே!" அம்மா அப்பாவைத் திட்டினாள், அப்பா இஸ்திரிப் பெட்டியைத் திட்டினார், மாடியிலிருந்து டாக்ஸிக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். இத்தனைக்கும் காரணமான நீங்கள் அங்கே குளுகுளு கடையில் நின்றுகொண்டு 'என்ன வேணும் சார்' என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஏழு பாட்டிலையும் மூடி இறுக்கி, துணி சுற்றி, பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. இனி எங்கள் வீட்டு விஷயத்தில் நீங்கள் மூக்கை நுழைக்கவேண்டாம், எங்கள் மூக்கிலும் எதையும் நுழைக்கவேண்டாம். ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அண்ணனைக் கூப்பிட்டு, "நீ நாறலைடா" என்று சொல்லுங்கள். அம்மா சொன்னால் பாசம் என்கிறான், அப்பா சொன்னால் அவர் மூக்கே இல்லாதவர் என்கிறான், நான் சொன்னால் இதில் என்ன குறும்பு என்று தேடுகிறான். குடும்பத்தில் மூக்குக்குச் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள் ஒருத்தர்தான். உங்கள் சொல்லைத்தான் நம்புவான். விளையாட்டாக எழுதவில்லை மாமா, அவன் திரும்பவும் கதவோரமாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தைக்கு என் முத்தம். உங்களுக்கு அம்மாவின் ஆசீர்வாதம் இருபது, தும்மல் நாற்பது. அப்பா உங்களுக்கு ஏதோ சொன்னார், நான் வயதுக்கு வராத பெண் போலக் காதைப் பொத்திக்கொண்டேன்.

இப்படிக்கு,
மூக்குக்கு மேல் கோபத்துடன்,
வாலு

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் மனதில் வைக்காதீர்கள், முடிந்தால் படிக்கவே படிக்காதீர்கள். உறையை ஒட்டப்போகிற நேரத்தில் இன்ஜினியர் மேடம் போன் செய்தார். அந்தக் காற்று வழியை அட்டை வைத்து அடைத்ததே அவர்கள்தானாம், அதுதான் கேள்வியாம்! ஃபேன் சத்தத்தைக் கேட்டுவிட்டு மற்ற எல்லோரும் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள், கண்டுபிடித்தது அண்ணன் ஒருவன்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அப்பா, "ரெண்டு கோட் அடிச்சது யாரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு, நான் ஒட்டிய பெட்டியைப் பிய்த்துவிட்டார், ஆகவே பாட்டில்கள் வராது. நீங்கள் போன் செய்யவும் தேவையில்லை, அந்த வேலையை மேடமே முடித்துவிட்டார். இவன் தயங்கித் தயங்கி, "மேடம், சேர வர்றன்னைக்கு எதைப் போட்டுட்டு வரட்டும்?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "சட்டை போட்டுட்டு வாங்க தம்பி, உங்களுக்கு அது போதும்" என்றார். சிக்கல் என்னவென்றால் அந்தச் சட்டையை அவன் கழற்றிப் போட்டதுமே அம்மா கொளுத்திவிட்டாள். தயவுசெய்து உடனே ஒரு வெள்ளைச் சட்டை அனுப்புங்கள். ஒன்றே ஒன்று மாமா. ஏழு வேண்டாம்.