சுதி சேர்க்கிறான் என்று நினைத்தோம்

அன்புள்ள மச்சான் நாராயணப்பன் அவர்களுக்கு,

கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை சரோஜம்மாள் நலம், மாடுகள் நலம், என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கண் ஆபரேஷன் செய்துகொண்டவரைக் கடிதம் படிக்கச் சொல்வது தப்புதான், மருமகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

நீங்கள் அலைந்து திரிந்து பேசி முடித்த சம்பந்தம் தொங்கலில் நிற்கிறது. காரணம் என் மகன் சுரேந்தரும் அவனுடைய கரண்டு கிடாரும். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால் அதோடுதான் உட்காருவான். சினிமாப் பாட்டு வாசித்தாலாவது பரவாயில்லை, எல்லாம் அவனே கட்டியது. பாட ஆள் கிடையாது, மேளம் கிடையாது, தாளம் தட்டக்கூட யாரும் கிடையாது. "பாட்டு எங்கடா?" என்று கேட்டால், "இதான்பா பாட்டு" என்கிறான்.

நிச்சயத்துக்குக் குந்தாரப்பள்ளியில் பெண் வீட்டுக்குப் போன இடத்தில், பெண் மேகலாவின் அப்பா வெள்ளைச்சாமி சும்மா இருக்காமல், "மாப்ள கிடாரு வாசிப்பாராமே, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி மங்களகரமா ஒண்ணு வாசிக்கட்டும்" என்றார். இவனும் வேனிலிருந்து கிடாரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் இறக்கி உட்கார்ந்தான். ஒரு கம்பியைத் தட்டினான், அது அடங்கும் வரை விட்டத்தைப் பார்த்தான். இன்னொன்றைத் தட்டினான். கொஞ்சம் முறுக்கினான். மறுபடி முதல் கம்பிக்கே வந்தான். சபையில் அத்தனை பேரும் சுதி சேர்க்கிறான் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தோம். தாம்பூலத் தட்டை ஏந்தியபடி நான் நிற்கிறேன், எதிரே தட்டோடு வெள்ளைச்சாமி நிற்கிறார். அத்திபெலேயிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் என் காதருகே குனிந்து, "இன்னும் ஷுரு ஆகலியா?" என்கிறார். பெற்றவன் விட்டுக்கொடுக்க முடியுமா? "கொஞ்சம் இருங்க, சுதி சேக்கறான், இப்ப ஆரம்பிச்சிருவான்" என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். கை கடுத்தது, தட்டில் தேங்காய் உருண்டது, பந்தியில் சாம்பார் ஆறியது. பாட்டு ஆரம்பிக்காமல் யார்தான் எழுந்திருப்பது? கடைசியில் புரோகிதர் வாட்சைப் பார்த்துவிட்டு, "ராகுகாலம் பொறந்துருச்சு, இனிமே தட்டு மாத்தக்கூடாது" என்றார். சுரேந்தர் கையை எடுத்தான். "சுதி சேத்து முடிச்சிட்டியாடா?" என்றேன். "என்னப்பா, வாசிச்சிட்டுத்தானே இருந்தேன்" என்றான்.

வெள்ளைச்சாமி முகம் சுண்டிப்போய்விட்டது. "நல்ல நேரம் தவறிப்போச்சு, சகுனம் சரியில்லீங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுத் திரும்பினோம். அன்றிலிருந்து என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய் வெறும் வாளியோடு நிற்கிறேன். மேகலா மாதிரிப் பெண் இவனுக்கு வேறு எங்கே கிடைப்பாள்? கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது நீங்கள் வெள்ளைச்சாமியைப் பார்த்துச் சொல்லுங்கள், பையன் கிடாரை விற்றுவிடுவான், இனி தொடவே மாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்று. சுரேந்தரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் கண் சீக்கிரம் தெளியட்டும்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத உங்கள் மச்சான்
கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மேகலாவே சரோஜாவுக்குப் போன் செய்தாள். "அத்தே, அன்னிக்கு அவரு பாதியிலயே நிறுத்திட்டாரு. மீதி எப்படிப் போகும்னு மனசு அடிச்சுக்குது. அத முழுசாக் கேட்டுட்டுதான் தட்டு மாத்தணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாரு" என்றாள். அது ஆரம்பித்ததே எங்களில் ஒருவருக்கும் தெரியாது, முடியவில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். கிடாரை விற்கிற பேச்சை வெள்ளைச்சாமியிடம் எடுக்கவே வேண்டாம். ஜோசியரைப் பார்த்து, நல்ல நேரம் நீளமாக இருக்கிற நாளாகக் குறித்து வாங்குங்கள். சுரேந்தரைக் கேட்டேன், மீதிதான் பெரிசாம்.