காவிரிக் கரையில் நான் கட்டிய கிராமம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சிறுகதை எடுத்துக்கொண்டு போனேன். இப்படி ஒரு கிறுக்குத்தனத்தைச் செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், கட்டிப்பிடித்து அழவேண்டும்.)

சுதாவும் நானும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். நான் தினமும் கே.ஜி.எஃப். என்கிற தங்க வயலிலிருந்து ரயிலில் போய்வருகிறவன். அவளுக்கு வீடு பெங்களூரிலேயே. அவள் அப்பா கும்பகோணத்துப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்தவர். எங்கள் விஷயத்தில் அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கே.ஜி.எஃப். பையன் என்றதும் முகம் மட்டும் சுருங்கியதாம். மனுஷர் கதைப் பைத்தியம், எந்தப் பத்திரிகையையும் விடமாட்டார் என்பதால், "அவர் பிரமாதமா கதை எழுதுவார்ப்பா" என்று சுதா அள்ளிவிட்டாள். நான் அதுவரை எழுதியது ஆபீஸ் ஆண்டு மலரில் வந்த ஒன்றரைப் பக்கம். அவரோ, "அப்படியா? வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லு. கதையைக் கேட்டா ஆளைத் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதை தேறாவிட்டால் கல்யாணம் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கள் ஊரை எழுதினால் மூடிப்போன சுரங்கம்தான் அவர் கண்ணில் நிற்கும். அதனால் அவர் ஊரையே எழுதி அவரை மடக்குவது என்று முடிவு செய்தேன். காவிரியை நான் பார்த்ததே இல்லை. (பாலத்தின் மேல் ஒருமுறை ரயிலில் போயிருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தேன்.) படித்த கதைகளிலிருந்து ஆறு, கோயில், தென்னை, மாடு எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு கிராமத்தைக் கட்டினேன்.

அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா சுரங்கம் மூடும்வரை பூமிக்குக் கீழே வேலை பார்த்தவர். காபி முடிந்ததும் சுதாவின் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ம், படிங்க" என்றார். நான் காகிதத்தைப் பிரித்தேன்.

முதல் வரியில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்தது. எந்த ஊர் என்று கேட்டார். கும்பகோணம் பக்கம் என்றேன். "எங்க ஊர்ல மலை பார்க்கணும்னா பஸ் ஏறணுமே தம்பி" என்றார். எனக்கு எங்கே தெரியும்? தங்க வயலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுரங்கத்திலிருந்து கொட்டிய மண் மேடு நிற்கும். சூரியன் விழ ஒரு மேடு வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன்.

அடுத்து, கிணறு வெட்டுகிறவன் ஆழம் போகப் போக வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றினான். கிணற்றுக்குள் சில்லென்று அல்லவா இருக்கும் என்று அவர் இழுத்தார். "கீழ போனா சூடாத்தான் சார் இருக்கும்" என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுதா தரையைப் பார்த்தாள். என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம் இனிமேல்தானே வருகிறது! வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன கதாநாயகன் வீடு திரும்ப ஒரு மணி நேரம் தாமதம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் செருப்புகூடப் போடாமல் ஓடுகிறார்கள். தெருவே பண்ணையார் வீட்டு வாசலில் போய் நின்று நடுங்குகிறது.

சுதாவின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணி பாய்ச்சப் போனவன் லேட்டா வந்தா டீக்கடையில உக்காந்திருக்கான்னு அர்த்தம். இதுக்கு ஏன் தம்பி ஊரே ஓடுது?" சுதாவும் சிரித்தாள். (நீயுமா தாயே?) போச்சு, எல்லாம் போச்சு, நாளை எந்த முகத்தோடு ஆபீஸ் போவது என்று நான் செத்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத அம்மா பேசினாள்.

"ஓடாம இன்னாங்க பண்ணுவாங்க?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "ஷிஃப்ட் முடிஞ்சி ஆளு வரலன்னா ஓடித்தான ஆவணும்? சொரங்கத்து கேட்டாண்ட நின்னுக்கினு, மேல வர்ற ஒவ்வொரு மூஞ்சியா பாக்கணும். இவன இடுப்புல வச்சிக்கினு நானும் ஓடியிருக்கேன், இவரு வரலன்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா காலி காபி டம்ளரை எடுத்து மறுபடியும் குடித்தார். அன்றைக்கு அவர் எப்போது மேலே வந்தார், அடிபட்டதா என்றெல்லாம் சுதாவின் அப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். அம்மா சொல்லிக்கொண்டே போனாள். என் கதையை யாரும் சீண்டவில்லை. கிளம்பும்போதுதான் அவர் என் தோளைத் தட்டி, "ஊர்ப் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார். இது பாஸா, ஃபெயிலா? ரயிலில் பாதி வழிவரை எனக்குத் தெரியாது. பிறகுதான் சுதாவிடமிருந்து மெசேஜ் வந்தது, அப்பா காலண்டரைப் புரட்டுகிறார் என்று.

கல்யாணம் ஆகி, குடித்தனமும் தங்க வயலிலேயே என்று ஆனது. விசேஷ வீடுகளில் மாமனார் என்னை, "கும்பகோணத்துல மலை வெச்ச மாப்பிள்ளை" என்றுதான் அறிமுகப்படுத்துவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

போன மழைக்காலத்தில் அவர் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் ரயில் வழியிலேயே நின்றுவிட்டது, என் போனும் செத்துப்போனது. ஒருவழியாக எங்கள் ஸ்டேஷனில் இறங்கினால், சட்டைப் பொத்தான் ஏறுமாறாக, முழுக்க நனைந்து, இறங்குகிறவர்களின் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தபடி மாமனார் நிற்கிறார். காலில் செருப்பு இல்லை. பின்னால் குடையோடு ஆற அமர நடந்து வந்த அம்மா சொன்னாள்: "ரயிலுன்னா லேட்டாத்தாங்க வரும்னு சொன்னேன். கேக்காம ஓடியாந்துட்டாரு."

இப்போதும் அவர் விசேஷ வீடுகளில் மலைக் கதையை ஆரம்பிப்பார். அம்மா குனிந்து அவர் காலைப் பார்ப்பாள்.