மூன்றாம் ஓலைக்கு முன்னால்

அல்சூர்,
ஞாயிறு பிற்பகல்

மதிப்புக்குரிய ஹெர்பர்ட் மாமாவுக்கு,

தங்கவயலில் இருக்கும் உங்களுக்கும் அத்தைக்கும் மருமகன் கிளெமென்ட்டின் தோத்திரம். இவ்விடம் நான் நலம். நான் என்று எழுதுவதில் இப்போது ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. அது கீழே வருகிறது. அத்தையின் மூட்டுவலி தேவலையா? முறைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் ஒரு மாதம் மௌனமாக இருக்கப் போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? "பேசாம இருக்கறதுக்கு ஏற்காடு எதுக்குடா? உங்க அத்தைகூட ஒரு வாரம் இருந்தா போதுமே" என்றீர்கள். போனேன். பேசாமல் இருந்தால் மனம் தெளியும் என்றார்கள். தெளிந்தது. லீனாவைக் கல்யாணம் செய்துகொள்வது, ராத்திரி ஷிப்ட் வேலையை விடுவது, இந்த ஒற்றை அறையைக் காலி செய்துவிட்டு இருவர் இருக்கத்தக்க வீடு பார்ப்பது. லீனாவை உங்களுக்குத் தெரியும். நீலசந்திராவில் டீச்சர். கல்லூரிக் காலத்திலிருந்து நான் காத்திருக்க வைத்திருக்கும் பெண். அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், புது வீட்டில் புத்தக அலமாரி நிற்க வேண்டிய சுவர், அடுப்பு இருக்க வேண்டிய பக்கம், எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மௌனம்.

செய்ய வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்து கேட்டைத் தட்டினேன். வீட்டுக்கார பிரிஸில்லா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளெமென்ட், எதுனா மறந்துட்டுப் போயிட்டியா?"

"இப்பத்தான் ஆன்ட்டி வரேன்."

"வா, மேல போய்ப் பாரு. புது ஆளு இன்னும் வரல."

மாடி அறை காலியாக இருந்தது. பெயின்ட் வாசனை. நான் சுவரில் அடித்த ஆணிகளின் ஓட்டைகள் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றை அடைக்க வேண்டும் என்று ஏற்காட்டில் நினைத்திருந்தேன்.

"காலி பண்ணிட்டுப் போற ஒருத்தன்கூட பாத்ரூம் கழுவிக் குடுத்ததில்லப்பா. நீ குடுத்த. போறப்ப அழுத வேற. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நான் அழுதேனா?"

"பின்ன, நானா அழுதேன்?"

புது ஆள் வரும்வரை அந்தக் காலி அறையிலேயே படுத்துக்கொள்ள ஆன்ட்டி சாவி கொடுத்தார். லீனாவைப் போனில் அழைத்தேன். "இப்பத்தானே பேசிட்டு வெச்ச? பரீட்சைப் பேப்பர் திருத்தணும்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ராஜினாமா கொடுக்க ஆபீஸுக்குப் போனேன் மாமா, வாசலில் என் அட்டை வேலை செய்யவில்லை, காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்து "யேன் சார், மத்தெ பந்த்ரா?" என்கிறார், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று, போன வாரம்தான் எல்லாரிடமும் கைகுலுக்கி அவருக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்துவிட்டுப் போனேனாம், அந்த நேரத்தில் கீழே வந்த என் டீம் லீடர் ராஜேஷ்குமார் தோளில் தட்டி "கிளெமென்ட், உங்க ஃபேர்வெல் ஸ்பீச்ச இன்னும் எல்லாரும் பேசிட்டிருக்காங்க" என்று தன் போனில் படம் காட்டுகிறார், அதில் நான் நடுவில் நிற்கிறேன், எல்லாப் பற்களும் தெரியச் சிரிக்கிறேன், நான் அப்படிச் சிரித்து நீங்கள் பார்த்ததுண்டா மாமா, எனக்கு அத்தனை பல் இருப்பதே எனக்குத் தெரியாது.

படத்தில் போட்டிருந்த சட்டை மட்டும் அடையாளம் தெரிந்தது. நல்ல நாளுக்கென்று பெட்டியின் அடியில் பிரிக்காமல் வைத்திருந்தது.

ஆன்ட்டியிடம் புது வீட்டு முகவரி இருந்தது. தபால் வந்தால் அனுப்பச் சொல்லி நானே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். நீலசந்திராவில், லீனா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடிப் போர்ஷன். சாயங்காலம் படி ஏறினேன். ஜன்னல் திறந்திருந்தது. புத்தக அலமாரி நான் நினைத்த சுவரில். அடுப்பு நான் நினைத்த பக்கம். குக்கர் விசில் அடித்தது. யாரோ அதை இறக்கி வைத்தார்கள். நான் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

யோசித்துப் பார்த்தேன். "யாருமில்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

உள்ளே இருந்தவரை அவர் என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். அவன் என்று எழுதக் கை வரவில்லை. என்னைவிட ஒழுங்கானவர்.

இன்று காலை கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பூசை முடியும்போது ஃபாதர் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயர் வாசித்துத் தடை கேட்பது உங்களுக்குப் புதிதல்ல. "அல்சூர் பங்கைச் சேர்ந்த கிளெமென்ட், நீலசந்திரா லீனா. இரண்டாம் ஓலை." முன் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. தன் பின்னந்தலையைத் தானே பார்ப்பது சாதாரண அனுபவமில்லை மாமா. உச்சியில் முடி கொட்டுகிறது. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று ஃபாதர் படித்தார். பெண்கள் பக்கத்தில் லீனா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். யாரையோ தேடினாள். நான் எழுந்திருக்கலாமா, எழுந்தால் என்ன சொல்வது, தமிழில் சொல்வதா இங்கிலீஷிலா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு ஃபாதரைப் பார்த்தேன்.

"ஃபாதர், ஒரு தடை சொல்லணும்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"கிளெமென்ட் கல்யாணத்துக்கு."

"உன் கல்யாணத்துக்கா? யாரு தடை சொல்றது?"

"நான்தான் ஃபாதர்."

"பொண்ணு மேல ஏதாவது?"

"இல்ல, மாப்பிள்ளை மேலதான்."

ஃபாதர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பசங்களுக்கும் இப்படித்தான் ஆகும். திருமணத் தயாரிப்பு வகுப்புல உன்ன மாதிரி பதில் சொன்ன ஆளு கிடையாது. மனசு கொழம்பியிருந்தா எங்கயாவது தியானத்துக்குப் போயிட்டு வாயேன்."

மாமா, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அது வாசித்து முடிந்துவிட்டால் சனிக்கிழமை கல்யாணம். அம்மா அப்பா இல்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே என்னைக் கையில் ஏந்தி என் சார்பில் பதில் சொன்னவர் நீங்கள். நீங்கள் வந்து கோயிலில் எழுந்து நின்று, நான் தூக்கிய பிள்ளை இவன், அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஏற்கெனவே தங்கவயலுக்கு வந்து உங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருந்தாலும் இருக்கலாம். அப்படியானால் ஒன்று யோசியுங்கள். நான் என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறேனா?

லீனா இல்லாமல் எனக்கு வேறு வாழ்க்கை இல்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்து நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் கர்த்தர் சுகத்தோடு வைத்திருக்கட்டும். வரும்போது ஸ்வெட்டர் கொண்டுவரவும், இங்கே சாயங்காலமானால் குளிர்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஞானமகன்
கிளெமென்ட் (மூத்தவன் என்று நினைக்கிறேன்)

பி.கு.: மேலே எழுதியதை மடிக்கும்போது லீனா படியேறி வந்தாள். வெறும் தரையில் என் எதிரே உட்கார்ந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள் "தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"எங்கப்பா முன்னாடி வந்து உக்காந்து, உங்க பொண்ணக் குடுங்கன்னு ஒரே மூச்சுல கேட்டான். அப்பவே தெரியும், நீ இல்லன்னு."

"தெரிஞ்சுமா?"

"நீ வருவன்னு பார்த்தேன். இன்னிக்குத் தடை இருக்கான்னு கேட்டப்ப எழுந்து நிப்பியான்னு திரும்பிப் பார்த்தேன். நீ உக்காந்திருந்த." தரையில் தெறித்திருந்த பெயின்ட் பொட்டை நகத்தால் சுரண்டினாள். "அவன் நல்லவன்தான். ஆனா நான் காத்திருந்தது உனக்கு. எழுந்து வா. ரெண்டு பேருமா இப்பவே ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லிடலாம்."

"வரேன் லீனா. இந்த லெட்டர மட்டும் போஸ்ட் பண்ணிட்டு வந்துடறேன்" என்றேன்.

அவள் எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். இறங்கிப் போய்விட்டாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, தபால் எடுக்க மாட்டார்கள் என்பது கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஆகவே மாமா, மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். எழுந்து நிற்க வேண்டாம். அத்தையை அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள். பீடத்தின் முன்னால் நிற்பவரிடம் என்னைப் பற்றி விசாரியுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்வார்.