உறவு: கிறிஸ்துமஸ் தாத்தா

வீட்டில் தனியாக இருக்கும் ஆஸ்துமாக்காரன் வீம்பு பிடிக்கக் கூடாது. நான் பிடித்தேன்.

அந்த டிசம்பரில் என் மனைவி ஸ்டெல்லா, மகளின் பிரசவத்துக்காக பெங்களூரு போயிருந்தாள். மகன் துபாயில். ஆவடி பக்கத்தில் எங்கள் சேக்காடு வீட்டில் நானும் டி.வி.யும்தான். "தூசி, வைக்கோல் எதுவும் உங்களுக்கு ஆகாது. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வேணாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். கேட்டேனா? (உண்மையைச் சொன்னால், குடில் போட்டோ அனுப்பினால் நாலு பேராவது போன் பண்ணுவார்களே என்கிற நப்பாசை.) பக்கத்து ஊர் கோவில்பதாகைப் பால்காரரிடம் ஒரு கட்டு வைக்கோல் வாங்கி, பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மாடு, ஆடு, சிறகு வைத்த சம்மனசு எல்லாம் வைத்து ஜோடித்தேன். போட்டோவைப் பார்த்து மகன் கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினான். அவ்வளவுதான்.

தும்மலில் ஆரம்பித்து மூன்று நாள் ஓயாத இருமல். மூன்றாம் நாள் சாயங்காலம், மூச்சை உள்ளே இழுத்தாலே இடது நெஞ்சில் சுரீரென்று குத்தியது. இன்ஹேலர் அடித்தும் வலி அசையவில்லை. ஹார்ட் அட்டாக்தான் என்று முடிவு கட்டினேன். ஸ்டெல்லாவுக்குப் போன் போட எடுத்தவன், 'அப்பவே சொன்னேன்ல' என்பாளே என்று கீழே வைத்துவிட்டேன். சாவைவிட அதற்குத்தான் பயந்திருக்கிறேன், பாருங்கள். குனிந்தால் வலி தேவலையாக இருந்ததால் குடில் முன்னாலேயே முட்டி போட்டேன். செத்துக் கிடந்தால் காலையில் பால்காரர் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேளத்தோடு நுழைந்தது எங்கள் மாதா கோயில் கேரல் குழு.

முட்டி போட்டு, நெஞ்சில் கை வைத்து, கண்ணீர் வழிய ஒரு மனிதன் குடில் முன்னால் இருந்தால் என்ன நினைப்பார்கள்? வீட்டுக்கு ஒரு பாட்டுதான் வழக்கம். என் பக்தியைப் பார்த்து மூன்று பாடினார்கள். பிறகு குழுவோடு வந்த உபதேசியாரின் ஜெபம். ஸ்டெல்லாவுக்காக, மகனுக்காக, மகளுக்காக, பிறக்கப்போகும் குழந்தைக்காக என்று ஊரில் இல்லாத அத்தனை பேருக்காகவும் வேண்டினார். இருக்கிற ஒருத்தனை விட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டோக்கார அந்தோணிதான் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தான்.

"யோவ், மேளத்த நிறுத்துய்யா! சாருக்கு மூச்சு வாங்குது. இன்னா சார் பண்ணுது?"

"இழுத்தா... நெஞ்சு வலி..."

"நீ பேசாத சார். அதான் நான் கீறேன்ல."

வேஷத்தைக் கழற்ற ஏது நேரம்? சிவப்பு அங்கியோடே ஆவடி வரை ஓட்டினான். சிக்னலில் பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கையாட்ட, சாகப்போகிற நானும் திருப்பி ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "கூட வந்தது யாரு?"

"நாந்தாம்மா."

"பேஷண்டுக்கு என்ன உறவு?"

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொல்வதற்கு ஆவடியில் எனக்கு வேறு ஆள் இல்லை. நர்ஸ் அவன் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்றே சீட்டில் எழுதிவிட்டாள்.

ஈ.சி.ஜி., எக்ஸ்ரே இரண்டிலும் கோளாறு இல்லை. "வைக்கோல் தூசில ஆஸ்துமா கிளம்பியிருக்கு. இருமி இருமி விலாத் தசை பிடிச்சுக்கிச்சு" என்றார், அந்தோணியிடம் கதை முழுவதையும் கேட்டிருந்த டாக்டர். "ஆனா நெஞ்சு வலின்னா உடனே வரணும் சார். மூணு பாட்டு கேட்டுட்டு வரக் கூடாது."

அந்தச் சீட்டு இப்போது குடும்பச் சொத்து. எந்தப் படிவம் நிரப்பினாலும் "அப்பாவுக்கு உறவு தாத்தாதானே?" என்று மகள் சிரிக்கிறாள். பேரனை வளர்க்க அங்கேயே தங்கிவிட்ட ஸ்டெல்லாவும் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். (எல்லாம் போனில்தான்.)

இப்போதெல்லாம் குடிலில் வைக்கோலுக்குப் பதில் பச்சைக் காகிதம். வருஷா வருஷம் அந்தோணி வாசலிலேயே மேளத்தை நிறுத்திவிட்டு, முகமூடியைத் தூக்கிக்கொண்டு தனியாக உள்ளே வருவான்.

"மூச்சு நல்லா கீதா சார்? அப்ப பாடலாமா?"