தூண்டிலுக்கு முச்சை கட்டின கதை

அண்டைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, கடைக்குப் போய்த் தூண்டிலுக்குத் தங்கூசி, அதுதான் நைலோன் நூல், வாங்கிக்கொண்டு வாறது.

எண்பதுகளின்ர கடைசி. ஜேர்மனியில, எசன் நகரத்தில ஒரு ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். கை இரண்டும் எப்பவும் ஊறிப்போய்த்தான் இருக்கும். எனக்கிருந்த ஆசை ஒண்டே ஒண்டு. தொட்டிக்கு அங்கால இருந்த மீன் வெட்டிற மேசைக்கு மாறவேணும். அதில நிண்டவர் வேலையை விட்டிட்டார், இடம் காலி.

முதலாளி ஒருநாள் கேட்டார்.

"நீர் தீவில இருந்து வந்தனீர்தானே? மீனைப் பற்றி நல்லாத் தெரியுமோ?"

"ஓம்" எண்டன்.

உண்மையைச் சொன்னால், எங்கட வீட்டுக்கு மீன் சைக்கிளில வரும். படலையில நிண்டு ஹோர்ன் அடிக்கும். கடலை நான் பஸ் யன்னலுக்குள்ளால பார்த்ததோட சரி.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை என்ர மச்சான்ர குளத்துக்கு வாரும். லாக்ஸ்ஃபொறெல் விட்டிருக்கிறார், சமன் மீனுக்குச் சொந்தக்காரன். தூண்டில் தடி நான் தாறன். தங்கூசியை உமக்குப் பிடிச்சதாப் பார்த்து வாங்கும். நீர் பிடிக்கிறதைப் பார்த்திட்டு மேசையைப் பற்றிக் கதைப்பம்."

எனக்குத் தெரிஞ்ச சமன் ரின்னுக்குள்ளதான் இருந்தது. அதைப் பிடிக்கத் திறப்புத்தான் வேணும்.

கடைக்குத் துணையாச் சிவா அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனன். என்னோட ஒரே அறையில இருந்தவர். ஊரில பட்டம் ஏத்திறதில ஆள் விண்ணன். மற்ற விஷயங்களிலயும் விண்ணன் எண்டு அவரே சொல்லுவார்.

கடைக்காரர் பொறுமையா விளங்கப்படுத்தினார். "ரீலில சுத்திற தங்கூசி கொஞ்சம் தடிப்பா இருக்கட்டும். தூண்டில் முள்ளோட கட்டிற முன்துண்டு அதைவிட மெல்லிசா எடுங்கோ."

அதை நான் தமிழில சொல்ல, அண்ணை சிரிச்சார்.

"கடைக்காரன் மாறிச் சொல்லுறான், தம்பி. பட்டத்தில மூண்டு நூலாச் சேர்த்துக் கட்டிற முச்சைக்கு எந்த நூல் போடுறனாங்கள்?"

"தடிச்ச நூல்."

"ஏன்? இழுவை முழுக்க முச்சையிலதான் விழுகுது. அப்ப இதிலயும் முன்துண்டுதான் தடிப்பா இருக்கவேணும்."

"மீனும் பட்டமும் ஒண்டோ அண்ணை?"

"இரண்டும் இழுக்கிறதுதானே?"

அண்ணை சொன்னதையே கேட்டன். ரீலுக்கு மெல்லிசு, முன்துண்டுக்குத் தடிப்பு எண்டு வாங்கினன். கடைக்காரர் திருப்பித் திருப்பிக் கேட்டார். "இது எங்கட ஊர் முறை" எண்டு சொன்னன். பாவம், மரியாதையாத் தலையை ஆட்டிப்போட்டு வெட்டித் தந்தார்.

குளத்தடியில முதலாளி என்ர முன்துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மாடு கட்டிற கயிறெல்லோ?"

"எங்கட ஊர் முறை."

"அப்பிடியோ? நானும் பழகுவம்" எண்டு, தன்ர தடியை ஒரு பக்கம் வைச்சிட்டு, எனக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்திட்டார்.

கொஞ்ச நேரத்தில மிதவை தண்ணிக்குள்ள தாழுது. தடி வளையுது. நான் பட்டத்துக்கு நூல் விடுற மாதிரி விட்டு விட்டு இழுத்தன். "நல்லாச் செய்யிறீர்" எண்டார் முதலாளி. மீன் மேசை கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. வெள்ளை ஏப்ரனும் தெரிஞ்சது.

டப்!

ரீலுக்குக் கிட்ட அறுந்தது. முள்ளு, முச்சை, மிதவை, மிச்சத் தங்கூசி எல்லாத்தையும் மீன் கொண்டுபோகுது. பட்டம் அறுந்தால் பின்னால ஓடிப் பழகின கால் சும்மா நிற்குமோ? கரையோட ஓடினன். ஓடினதுகூடப் பரவாயில்லை, பழக்கதோஷத்தில மேல பார்த்துக்கொண்டு ஓடினன். வானத்தில மீன் இல்லை. காலுக்குக் கீழ கரையும் இல்லை.

நான் குளத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிற்க, முதலாளி அவசரப்படாமல் நடந்து வந்து, புல்லுக்குள்ள சிக்கின மிதவையைக் கைவலையால எட்டிப் பிடிச்சார். என்ர தடிச்ச முன்துண்டைக் கையில சுத்தி இழுத்து மீனைக் கரையில போட்டார். மாடு கட்டிற கயிறுதானே, அறுந்துபோகேல்லை.

திரும்பி வரேக்குள்ள, கார்ச் சீற் நனையாமல் என்னைப் பழைய பேப்பருக்கு மேல இருத்தியிருந்தார். பிறகு கேட்டார்.

"உங்கட ஊரில எல்லாரும் இப்பிடித்தான் மீன் பிடிக்கிறவையோ?"

"ஓம்."

"அப்ப என்ன சாப்பிடுறனீங்கள்?"

"மரக்கறி" எண்டன்.

வீட்டில சிவா அண்ணை நான் நடுங்கிறதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை.

"முச்சை அறுந்ததோ?"

"இல்லை அண்ணை."

"நான் சொன்னனான்தானே."

திங்கட்கிழமை முதலாளி என்னைத் தொட்டியில இருந்து மேசைக்கு மாத்தினார். உருளைக்கிழங்கு உரிக்கிற மேசைக்கு.

நல்லகாலம், உருளைக்கிழங்கு இழுக்காது.