பிட்மன் தெருவின் குணம்

பிட்மன் தெருவுக்குப் பழமை மாறாமல் காக்க வேண்டிய ஒரு குணம் உண்டு என்று நகராட்சி தீர்மானம் போட்டு, பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகுதான், அங்கே குடியிருக்கும் எங்களுக்கே அது தெரியவந்தது. மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தெருவைப் பற்றி அதுவரை நாங்கள் அறிந்ததெல்லாம், மழை பெய்தால் சாக்கடை பொங்கும், சனிக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதுதான்.

எல்லாம் வூலாவின் விண்ணப்பத்தில் ஆரம்பித்தது. வூலாவும் அவள் கணவர் டாக்கிஸும் முப்பது வருஷத்துக்கு மேலாக இங்கே மீன் வறுவல் கடை நடத்துகிறார்கள். போன வருஷம் டாக்கிஸுக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலி வந்தது. வாசலில் ஒரு கருங்கல் படி. சொந்தக் கடைக்குள் அவரால் போக முடியவில்லை. படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட அனுமதி கேட்டாள் வூலா.

நகராட்சியின் பாரம்பரியப் பிரிவிலிருந்து பிலிப்பா என்ற அதிகாரி அளவு நாடாவோடு வந்து படியின் முன் மண்டியிட்டார்.

"இதை எடுக்க முடியாதும்மா. நடுவுல குழி பாருங்க. நூறு வருஷமா இந்தப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலை ஆளுங்க மிதிச்சுத் தேஞ்ச படி. உழைக்கும் மக்களின் பாதச்சுவடு!"

"அம்மணி, எண்பத்தேழுல இடிச்சுப் போட்ட ஒரு வீட்டுலேருந்து நான்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன். வரும்போதே குழி இருந்துச்சு" என்றார் டாக்கிஸ், நடைபாதையிலிருந்து.

பிலிப்பா பரவசத்தோடு குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் கடிதம் வந்தது: 'புலம்பெயர்ந்தோர் பழங்கல்லை மறுபயன்பாடு செய்தமைக்கான அரிய சான்று' என்ற வகையில், படி பாரம்பரியச் சின்னங்களில் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்று புருஷனைக் கடிந்துகொண்டாள் வூலா. பிலிப்பா மறுபடி வந்தபோது, "அப்ப இவர் எப்படித்தான் உள்ள வர்றது?" என்று கேட்டாள்.

"பின்பக்கச் சந்து வழியா வரலாமே?"

"அங்க மூணு படி இருக்கு."

"மூணா?" என்று நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார் பிலிப்பா.

டாக்கிஸ் நடைபாதையிலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தார். தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அவரைப் படம் எடுத்தார்கள். நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. 'நடைபாதையில் கிழங்கு சீவும் முதியவர்' தெருவின் குணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார். இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் இரண்டு நாள் அவர் வீட்டில் படுத்துக்கொண்டதற்கு, இனி முன்னறிவிப்பு தேவை என்று கடிதம் வந்தது.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற டெஸ் வீடு வீடாகப் போய் சாய்தளம் கேட்டு நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினார். விசாரணை நகர மண்டபத்தின் மாடியில். மின்தூக்கி வைத்தால் கட்டடத்தின் குணம் கெடும் என்பதால் வைக்கவில்லை. டெஸ், நான், தையல்காரர் ஹூங், அவர் தம்பி, நாலு பேருமாக டாக்கிஸை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனோம்.

விசாரணைக் குழுத் தலைவர் பெருந்தன்மையோடு பேசினார். "படியை எடுக்க அனுமதி தரத் தயார். ஆனா படி போனா தெருவும் பாரம்பரியப் பட்டியல்லேருந்து போயிடும். பட்டியல்ல சேர்ந்த பிறகு அங்க வீட்டு விலை என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

டெஸ் தொண்டையைச் செருமினார். "கொள்கை அளவுல சாய்தளத்துக்கு என் முழு ஆதரவு உண்டு" என்று சொல்லியபடியே கையை உயர்த்தினார். பின்வரிசையில் கைகள் முளைத்தன. நான் காதைச் சொறியத்தான் கையைத் தூக்கினேன். தூக்கியது தூக்கியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வெக்கங்கெட்ட ஜென்மங்களா!" என்று எழுந்தாள் வூலா. "மனுஷன் குளிர்ல விறைக்கிறான், உங்களுக்கு விலை கேக்குதா? நீயாவது சொல்லு, டாக்கிஸ்!"

டாக்கிஸின் கையும் மேலேதான் இருந்தது.

"கடை நம்ம சொந்தக் கட்டடம்தானே, வூலா" என்றார் மெதுவாக. "வெளிய கொஞ்சம் வெயிலும் அடிக்குது."

வூலா கைப்பையை எடுத்தாள். "அப்ப நீயே எறங்கி வா" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

நாங்கள் நாலு பேரும்தான் அவரைக் கீழே இறக்கினோம். ஏற்றும்போது காட்டாத பக்குவத்தோடு, சுவரில் இடிக்காமல், அங்குலம் அங்குலமாக. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெருவின் விலை என்ன ஆவது?