கண்ணாடிக்குக் கண்ணாடி எதற்கு?

புது போன் வாங்கிய அன்றே, கடை வாசலில் நின்று, ஒரு சபதம் செய்தேன். இதன் திரைமேல் எதையும் ஒட்ட மாட்டேன். வெறும் கண்ணாடியாக என் கைக்கு வந்தது, வெறும் கண்ணாடியாகவே இருக்கும்.

சபதம் செய்கிற ஆண்பிள்ளை முதலில் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அன்று வாங்கியது இரண்டு போன்கள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே அளவு, ஒரே கறுப்பு. அவள் தன்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கடைக்காரரிடம் கொடுத்து, டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொல்லிவிட்டாள். அவர் திரையைத் துடைத்து, தூசியை ஒற்றியெடுத்து, கண்ணாடியை மேலே படியவிட்டு, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் ஓரத்துக்கு ஓட்டினார். அடுத்து என் போனுக்காகக் கையை நீட்டினார். எனக்கு அங்கேயே டெம்பர் ஏறியது.

என் தொழிலைச் சொன்னால் காரணம் புரியும். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடியோடுதான் குடித்தனம். எது கீறும், எது கீறாது, எதைத் துணியால் துடைக்கலாம், எதைச் சட்டை நுனியால் துடைப்பது பாவம் என்று ஊருக்கே எடுத்துச் சொல்கிறவன். என் போன் கண்ணாடிக்குக் காவலாக இன்னொரு கண்ணாடி என்றால், அப்புறம் நான் எதற்கு?

"கண்ணாடி விக்கிறவனுக்குத்தாங்க கண்ணாடியோட அருமை தெரியும். கண்ணாடிக்கே கண்ணாடி போட்டா அது கண்ணாடிக்கு அவமானம்" என்றேன். ஒரே மூச்சில் ஐந்து கண்ணாடி. ஒன்றுகூட உடையவில்லை.

கடைக்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். என் மனைவி மட்டும் "சரிங்க" என்றாள்.

அந்தச் "சரிங்க"வை நான் கவனித்திருக்க வேண்டும். அவள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சர்வேயர். அடிபட்டு வரும் வண்டிகளைச் சுற்றிவந்து பார்த்து, இழப்பீடு கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஒரு கீறலைக் காட்டினால் போதும், அது பிறந்த நேரம் முதல் சொல்லிவிடுவாள். சும்மா நிறுத்தியிருந்த காரை யாரோ உரசிவிட்டு ஓடிவிட்டதாக ஒருவர் மனுக் கொடுத்திருந்தார். இவள் கதவைப் பார்த்தாள். கீறல் முன்னாலிருந்து பின்னால் போகிறது, ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கீறலுக்குள் பச்சைத் துணுக்கு இருக்கிறது, ஆகவே உங்கள் வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்டா என்று கேட்டாள். கேட்டைப் பற்றிக் கேட்டதுமே அந்த மனிதர் கேட்காததையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

என் சபதம் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மச்சான் நாற்காலி, கட்டில் விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறார். உறை போடாத பொருள் எதுவும் அவர் வீட்டில் கிடையாது. ரிமோட்டுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. சோபா வந்து நான்கு வருஷம் ஆகிறது, கடையிலிருந்து சுற்றிவந்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும். வெயில் காலத்தில் எழுந்தால் நம்மோடு கொஞ்ச தூரம் கூடவே வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாக்குவாதம் முற்றியது. போனுக்கு மேலே ஒன்றும் ஒட்டாமல் விட்டால் மூன்று மாதத்தில் முகம் தெரியாமல் போய்விடும் என்றார் மச்சான். கையில் நிதானம் இருந்தால் கண்ணாடியில் கீறல் விழாது என்றேன் நான். பேச்சு பந்தயத்தில் போய் முடிந்தது. மூன்று மாதம் கழித்து என் திரையில் ஒரு கீறலும் இல்லையென்றால், மச்சான் சோபாவின் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட வேண்டும். கீறல் இருந்தால், நான் அதே பிளாஸ்டிக்கின்மேல் உட்கார்ந்து, குடும்பத்தார் எல்லோர் முன்னாலும், இனி எந்த விஷயத்திலும் என் மனைவி சொல்வதே சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடுவர் யார் என்ற கேள்வி வந்தது. என் மனைவியே இருக்கட்டும் என்றேன். ஆணவம் மனிதனை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் அந்த போனை நான் சுமந்த மாதிரி யாரும் எதையும் சுமந்திருக்க மாட்டார்கள். அதற்கென்று சட்டையின் இடது பை. அந்தப் பையில் பேனா, சாவி, சில்லறை எதற்கும் இடமில்லை. கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியை நாலாக மடித்து அதன்மேல்தான் படுக்க வைப்பேன். யாராவது நேரம் கேட்டால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவேன்.

அதோடு நிறுத்தினேனா? கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. பார்வை சோதிக்க வந்தவர்கள் எழுத்துகளைப் படிப்பதற்குள் அவர்கள் போனில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிடுவேன். ஏழெட்டுப் பேர் என் பேச்சைக் கேட்டு, என் கண்ணெதிரிலேயே டெம்பர் கிளாஸைப் பிய்த்துப் போட்டார்கள்.

எழுபத்தோராம் நாள் மதியம் அது நடந்தது. ஒருவர் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதென்று அவசரமாக வந்தார். பேருந்து போய்விடும் என்று வாசலைப் பார்த்தபடியே நின்றார். கட்டைவிரல் நீளமுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகை முடுக்கிக் கொடுத்தேன். அவர் போனதும் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன். இடது பையில். பிறகு கீழே விழுந்திருந்த ஒரு திருகை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் நெஞ்சுதான் கத்தியது என்று நினைத்தேன். அது பிறகுதான் கத்தியது.

நடுவிரல் நீளம். மேலிருந்து கீழே, சற்றே சாய்வாக. ஸ்க்ரூ டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தது.

சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, மாடிவீட்டுக்காரரிடம் ஓடினேன். தட்டச்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், எந்தக் கறைக்கும் எந்தக் காயத்துக்கும் ஒரு மருந்து வைத்திருப்பவர். அவர் யோசிக்கவே இல்லை. பற்பசையைத் தடவி வட்டமாகத் தேய்த்தால் போய்விடும் என்றார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் போனுக்குப் பல் தேய்த்துவிட்டேன். கீறல் போகவில்லை. பல் துலக்கிக்கொண்டதால் முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தது. பசை ஒலிபெருக்கி ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் வாய் கொப்பளித்துக்கொண்டே பேசுவது போலத்தான் கேட்டது.

மறுநாள் காலை, போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அந்தக் கடையை நடத்துகிற பெண்மணி என்னிடம்தான் கண்ணாடி போட்டவர். கீறலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இப்போது கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் வந்திருக்கிறது, அதன் அடியிலுள்ள பசை கீறலுக்குள் இறங்கி நிரப்பிக்கொள்ளும், கீறலும் தெரியாது, ஒட்டியதும் தெரியாது என்றார். நான் தலையாட்டினேன். அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"போன மாசம் உங்க பேச்சைக் கேட்டுத்தான் சார் என் போன்ல இருந்ததைப் பிரிச்சேன்" என்றார்.

ஆராய்ச்சிக்காக ஒட்டிப் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தேன். அவர் சிரிக்காமல் ஒட்டிக் கொடுத்தார். நல்ல பெண்மணி.

உண்மையிலேயே கீறல் மறைந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷம் கண்ணாடியைப் பார்த்த என் கண்ணுக்கே படலம் எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு நாளில் பழைய தைரியம் திரும்பியது. மூன்றாம் நாள் கடையில் மறுபடி உபதேசம் ஆரம்பமாகிவிட்டது.

தீர்ப்பு நாள் வந்தது. மச்சான் வீட்டுக் கூடத்தில் மச்சான், அவர் மனைவி, அவர்கள் மகள்கள் இரண்டு பேர், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி அலுவலகப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். போனை வாங்கிச் சாய்த்தாள். வெளிச்சத்தை ஒரு ஓரமாக அடித்தாள். வாயால் ஊதி ஆவி பிடிக்கவைத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நகத்தை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினாள். அந்த நகம் போன பாதை எனக்கு மனப்பாடம். சரியாக அதே சாய்வு. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஒரு குமிழிகூட இல்லாமல்.

நிமிர்ந்தாள். "கீறல் இல்ல" என்றாள்.

என் காதுக்குள்தான் பற்பசை இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். மச்சான் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு அதையே சொன்னாள். மச்சான் சோபாவின் பிளாஸ்டிக்கைக் கடைசியாக ஒரு முறை தடவிக் கொடுத்தார். பிறகு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். நான்கு வருஷப் பிளாஸ்டிக்கை அவர் கையாலேயே வெட்டினார். முதுகுப் பக்கம் வெட்டும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பழுப்பேறிய உறைக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒரு சோபா வந்தது. அது நீலம் என்று மச்சான் மனைவிக்கே மறந்து போயிருந்தது. நான் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சரசரக்கவே இல்லை.

அப்போதுதான் என் மனைவி எல்லோரையும் பார்த்துப் பேசினாள். மூன்று மாதம் கண்ணாடியைக் கையில் வைத்திருந்து ஒரு கீறல்கூட விழாமல் காப்பாற்றுவது சாதாரண விஷயமில்லை, தன் வேலையில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாக வாங்கிய நான்ஸ்டிக் வாணலி தொட்டியில் கிடந்தது. தன் கை பட்டால் கீறிவிடுகிறது, இனி இதை அந்தக் கைதான் கழுவ வேண்டும் என்றாள். மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? என் கையும் கீறும் என்றா? வாயை மூடிக்கொண்டு வாணலியைக் கழுவினேன். மறுநாள் தோசைக்கல் வந்தது. அதற்கடுத்த நாள் கண்ணாடிக் கிண்ணங்கள், தம்ளர்கள். அந்த வாரக் கடைசியில் கீறல் விழுகிற பொருள், விழாத பொருள் என்ற பாகுபாடே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மச்சான் தன் கறுப்புக் காரோடு வந்தார். புதிய கார். வெளியில் கழுவக் கொடுத்தால் துணி போட்டுக் கீறிவிடுகிறார்களாம்.

"மாப்பிள்ளை, உங்க கையை நம்பித்தான் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அவர் என்னை நம்பிச் சோபாவையே பிரித்துப் போட்டவர். எப்படி முடியாது என்பேன்? வாளியை எடுத்தேன். மெல்லிய துணியை நாலாக மடித்தேன். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகை படித்தாள்.

ஐந்து ஞாயிறு கழுவினேன். ஆறாவது ஞாயிறு மச்சான் மனைவி தன் சாப்பாட்டு மேஜையின் கண்ணாடிப் பலகையையும் காரின் பின்சீட்டில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அதை இறக்கும்போது என் இடுப்பில் ஏதோ நரம்பு விலகியது. இதற்குப் பதில் அன்றே தோற்றிருந்தால் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு எழுந்து வந்திருக்கலாமே என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

கார் போனபிறகு, மனைவியைக் கூப்பிட்டு மேஜைக்கு எதிரில் உட்கார வைத்தேன். போனை நடுவில் வைத்தேன். நகத்தால் ஓரத்தை நெம்பி, அந்தப் படலத்தை அப்படியே உரித்தேன். கீறல் வெளியே வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக நான் எதையும் உரித்ததில்லை.

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்க்ரூ டிரைவர்" என்றாள். "சட்டைப் பையில. குனியும்போது விழுந்தது. அன்னிக்கு சாயங்காலம் குளியலறைக்குள்ள போனைக் கொண்டுபோனீங்களே, புதினா வாசத்தோட வெளிய வந்துச்சே, அப்பவே பார்த்துட்டேன்."

தெரிந்தும் கீறல் இல்லையென்று ஏன் தீர்ப்புச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் தொட்டுப் பார்த்தது மேல ஒட்டியிருந்ததை. அதுல கீறல் இல்லையே. எழுத்துல கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்."

சரி, உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி வாணலிக்கும் எனக்கும் சம்பந்தமில்லையே என்றேன். அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். அண்ணன் நாலு வருஷம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதைக் கண்ணீரோடு பிரித்தார், அந்த நீலத்தில் போன வாரம் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டார்களாம், அன்று உள்ளே ஒரு கீறல் இருந்தது என்று அவருக்கு இப்போது தெரிந்தால் எப்படியிருக்கும் என்று நிதானமாகக் கேட்டாள். மச்சானின் முகம் என் கண்முன் வந்தது. கையில் அந்தக் கத்தரிக்கோலும் இருந்தது.

"நான் சொல்ல மாட்டேங்க. நீங்க பாட்டுக்குக் கழுவிட்டு இருங்க."

"எத்தனை நாளைக்கும்மா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "இந்த போன் இருக்கிற வரைக்கும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. போன்தானே. போனுக்கு என்ன ஆயுசு? எங்கள் வீட்டு மொட்டை மாடி நல்ல உயரம், கைப்பிடிச் சுவர் தாழ்வு. காற்று வாங்கப் போகிறவன் கை தவறுவது உலகத்தில் நடக்காததா? அடுத்த வாரமே என்று மனசுக்குள் நாள் குறித்துவிட்டேன்.

அவள் அலுவலகப் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு டெம்பர் கிளாஸையும், டயர் ரப்பர் மாதிரி தடித்த ஒரு உறையையும் எடுத்தாள். திரையைத் துடைத்து, தூசியை ஒற்றியெடுத்து, கண்ணாடியைக் கீறலின்மேல் படியவிட்டாள். போனை உறைக்குள் திணித்து, நாலு மூலையையும் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"இனிமே மொட்டை மாடியில இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள்.